வீட்டில் பிரச்சினை என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

ஷார்ஜாவிலிருந்து துபாயின் அல் குசைஸுக்குத் தினமும் காலையில் காரில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அது பயணமே இல்லை, குடித்தனம். சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த டிராஃபிக்கிலேயே முடிந்துவிடும். சப்ரீனா தன் மேல்படிப்பையும் அங்கேயேதான் முடித்தாள்.

காயல்பட்டினத்துப் பெண். பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்த கையோடு கல்யாணம். கணவன் ராஜிக் ஷார்ஜா ரோலாவில் மொபைல் கடை வைத்திருந்தான். அவள் அல் குசைஸில், உயரமான கட்டடங்களைத் துடைக்க ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்த்தாள். சைக்காலஜி படித்தவள் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் எதிரே வந்து உட்கார்ந்து, "நான் என்ன நெனைக்கிறேன் சொல்லு பாப்போம்" என்பார்கள். "சாப்பாடு எப்ப போடுவாங்கன்னு" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்களின் பேப்பரெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். போவதற்குக் காரணம் எழுத வேண்டும். வளைகுடாவில் அதற்கு இருப்பது ஒரே காரணம்தான்: வீட்டில் பிரச்சினை. சூப்பர்வைசர் சரியில்லை என்று எழுதினால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கம்பெனி சரியில்லை என்று எழுதினால் விசா கேன்சல் இழுத்துக்கொண்டே போகுமோ என்று பயம். வீட்டில் பிரச்சினை என்றால் மேற்கொண்டு எவனும் வாயைத் திறக்க முடியாது. தமிழன், மலையாளி, நேபாளி எல்லார் வீட்டிலும் ஓயாத பிரச்சினை. ஒரு கோடையில் ஜன்னல் துடைக்கிற பிரிவில் பாதிப் பேர் வீட்டில் ஒரே சமயத்தில் பிரச்சினை கிளம்பியபோது சப்ரீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்ததும்தான் மனதைக் குடைய ஆரம்பித்தது. நிஜமாகவே ஏன் போகிறார்கள்?

தினமும் அவளை ஆபீசில் விட்டுவிட்டுத்தான் ராஜிக் கடைக்குப் போவான். மறுநாள் காரில் அவனிடம் சொல்லிவிட்டாள். "மச்சான், நான் ஆன்லைன்ல எம்.எஸ்ஸி. சேரப் போறேன். ஆர்கனைசேஷனல் சைக்காலஜி."

"அப்டின்னா?"

"வேலை செய்ற எடத்துல மனுசன் மனசு எப்படியிருக்கு, ஏன் அப்படியிருக்குன்னு படிக்கிறது."

"அதுக்குப் படிக்க வேற செய்யணுமாக்கும்? இந்த ரோட்டுல ஒரு ஹார்ன் அடிச்சுப் பாரு, எல்லாவன் மனசும் தெரிஞ்சிரும்" என்றான் ராஜிக். சிக்னல் விழுந்து கார் நகர்ந்ததும், "படி புள்ள. ஆனா என்னையப் பாடம் ஒப்பிக்கச் சொல்லாதே" என்றான்.

கடைசியில் ஒப்பித்தது அவன்தான். பள்ளிக்கூடம் போகிற மகள் இன்ஷா பின்சீட்டிலிருந்து அம்மாவின் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷில் கேள்வி கேட்பாள். சப்ரீனா வாய் திறப்பதற்குள் ராஜிக் ஒரு பதிலை எடுத்து விடுவான். எல்லாம் தப்பு. மூவரும் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாராட்டினால் மனிதன் உற்சாகமாக உழைப்பான் என்ற பாடம் ராஜிக்குக்கு ரொம்பப் பிடித்துப்போய், கடை சேல்ஸ்மேனைத் தினமும் வாயாரப் பாராட்டத் தொடங்கினான். பொறுத்துப் பார்த்த அந்த மனிதர் ஒருநாள், "பாய், என்னைக் கேன்சல் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

பரீட்சைகள் இப்படியே ஓடிவிட்டன. ஆய்வறிக்கையில் வந்துதான் வண்டி நின்றது. 'தொழிலாளர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்' என்பது தலைப்பு. மேனேஜர் வெங்கட்ராமன், எழுதியதை முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். மீட்டிங் ரூமில் ஏசியும் தண்ணீர் பாட்டிலும் வைத்துச் சப்ரீனா காத்திருந்தாள். ஊருக்குப் போகவிருந்தவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"வேலை எப்படியிருந்துச்சு?"

"சூப்பர் மேடம்."

"சாப்பாடு, ரூம்?"

"எல்லாம் சூப்பர் மேடம்."

"அப்புறம் ஏன் போறீங்க?"

"வீட்ல பிரச்சினை மேடம்."

எல்லாவற்றையும் தொகுத்து அனுப்பினாள். பேராசிரியை இரண்டே வரியில் பதில் போட்டார். இது ஆராய்ச்சி ஆகாது. பருவம் முடிவதற்குள் உண்மையான பதில் வராவிட்டால் பட்டம் கிடையாது. சப்ரீனா காரில் விக்கி விக்கி அழுதாள். பட்ட பாடெல்லாம் வீண். இன்ஷா பின்னாலிருந்து டிஷ்யூவை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆபீஸ்ல கேட்டா எவன் சொல்லுவான்?" என்றான் ராஜிக். "கேன்சல் அடிச்சு, பாஸ்போர்ட்டு கைக்கு வந்து, போர்டிங் பாஸும் வாங்கட்டும். அப்பக் கேளு. எனக்கு விசா குடுத்த பழைய மொதலாளி, அந்தக் கபீலை நான் மனசாரத் திட்டுனதே ஏர்போர்ட்டுல வச்சுத்தானே?"

சப்ரீனாவின் அழுகை சட்டென்று நின்றது. ஓட்டுகிறான் என்றும் பாராமல் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் கிளம்பியபோது அதில் அவளும் இருந்தாள். அன்றைக்குப் போகிறவர்களில் பன்னீர்செல்வம் ஒருவர். புதுக்கோட்டைப் பக்கம், கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர். பெட்டி எடை கூடிவிட்டது. வெளியே எடுத்த பால் பவுடர் டின்களையும் கோடாலித் தைலத்தையும் கைப்பையில் திணிக்க ஏர்போர்ட் தரையில் உட்கார்ந்தார். அபாயாவைச் சுருட்டிக்கொண்டு சப்ரீனாவும் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துப் பிடித்தாள். போர்டிங் பாஸ் அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

"இப்பவாவது சொல்லுங்க. ஏன் போறீங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சொன்னா சிரிப்பீங்க மேடம். சோறுதான்."

"சோறா?"

"பழைய ரூம்ல நாங்க ஆளுக்கொரு சைட்டு. ஆளுக்கொரு நேரத்துல வருவோம். முன்னால வந்தவன் ஆக்குவான். பின்னால வர்றவனுக்குத் தட்டுல போட்டு மூடி வச்சிருப்பான். வெயிலு, சூப்பர்வைசர் திட்டுனது எல்லாம் அந்தத் தட்டைத் தொறந்ததும் போயிரும். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரே சைட்டு ஆளுங்களையெல்லாம் ஒரே ரூம்ல போட்டாங்கள்ல? எல்லாரும் ஒரே பஸ்ல வந்து ஒண்ணா எறங்குறோம். இருக்கறது ஒரு அடுப்பு. தெனம் அடிதடி. இதுல யாரு யாருக்கு மூடி வைக்கிறது?"

சப்ரீனா ஜிப்பை விட்டுவிட்டாள். டின்கள் உருண்டோடின. அந்த ரூம் மாற்றத்தைப் போட்டவளே அவள்தான். சைட் வாரியாகப் பிரித்தால் பஸ் அலைச்சல் மிச்சம் என்று அவள் சொன்ன யோசனைக்குக் கம்பெனி கூட்டம் போட்டு அவளுக்குப் பரிசாக ஒரு கப் கொடுத்தது. ஊரெல்லாம் தேடிய குற்றவாளி கண்ணாடிக்குள் நின்று பல்லைக் காட்டினால் என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதில் பாதி அழுகை என்பது அவளுக்கே தெரிந்தது.

பன்னீர்செல்வம் பயந்துபோனார். "தப்பா ஏதும் சொல்லிட்டனா மேடம்?"

"ரூம் மாத்துனது நான்தாங்க."

"தெரியும் மேடம். நோட்டீஸ்ல உங்க கையெழுத்து இருந்துச்சே" என்றார் அவர். "எப்பப் பாத்தாலும் சிரிச்ச மொகமா இருப்பீங்க. உங்ககிட்டயே எப்படிச் சொல்றது? அதான் வீட்ல பிரச்சினைன்னு எழுதிட்டேன்."

டின்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். அடுத்தடுத்த வேன்களில் போனவர்களும் சுற்றி வளைத்து அந்த அடுப்புக்கும் தட்டுக்குமே வந்து சேர்ந்தார்கள். சப்ரீனா ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். வேலை போனாலும் போகட்டும் என்று வெங்கட்ராமன் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் முழுவதும் படித்தார். "இதுல எம் பேரு வருதா?"

"இல்ல சார். தப்பு பண்ணுனது யாருன்னு என் பேரைத்தான் போட்டிருக்கேன்."

"அப்பச் சரி. ரூமைப் பழையபடி மாத்திரு."

"சார், அந்தக் கப்பைத் திருப்பிக் குடுக்கணுமா?"

"வச்சுக்கோம்மா. பேனா போட்டு வை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கேம்பில் ரூம் மாறினார்கள். கல்யாண வீடு தோற்றது போங்கள். படிக்கட்டில் மெத்தை ஏறுகிறது, மெத்தை இறங்குகிறது. குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் ஆடுகிறார். யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். அந்த அமளியின் நடுவில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. டிஸ்டிங்ஷன். சப்ரீனா போட்ட கூச்சலில் முற்றமே திரும்பிப் பார்த்தது.

"என்ன மேடம்?"

"பாஸாயிட்டேன்!"

அவ்வளவுதான். விசில் காதைக் கிழித்தது. எதற்கு பாஸ் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. வாசலில் காரை நிறுத்திவிட்டு ராஜிக் ஹார்னை அழுத்தி அழுத்திக் கூத்தடித்தான். இன்ஷா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

கார் கிளம்பும்போது போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பன்னீர்செல்வம், ஊரிலிருந்து. பின்னணியில் கோழி கூவியது, யாரோ குழந்தை சிணுங்கியது.

"மேடம், பயலுவ போன் பண்ணுனானுவ. பழைய ரூமைத் திருப்பிக் குடுத்துட்டீங்களாமே! நம்ம கம்பெனியில மறுபடி விசா கெடைக்குமா மேடம்? கெடைச்சா எனக்கும் ஒரு தட்டு மூடி வைக்கச் சொல்லுங்க, வந்துர்றேன்."

சப்ரீனா அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். ராஜிக் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் உடனே வெங்கட்ராமனுக்குப் போன் போட்டாள்.