தலையாட்டிய கேமரா

நேரலையில் கேமரா பிடிப்பவனுக்கு வாய் கிடையாது. பார்வையாளர்களுக்கு நடுவே நிற்கிறோம். பேசினால் மைக்கில் விழுந்துவிடும். வெளியே நிற்கும் ஒளிபரப்பு வேனுக்குள் இருந்து இயக்குநர் ஹெட்போனில் கேட்பார், நாங்கள் கேமராவை அசைத்துப் பதில் சொல்வோம். மேலும் கீழும் அசைத்தால் சரி. பக்கவாட்டில் அசைத்தால் முடியாது. ஆனால் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால், நம் படம்தான் வீட்டுக்கு வீடு ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது உயிரே போனாலும் அசையக் கூடாது.

அந்தப் பொங்கலன்று ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பட்டிமன்றம். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா? வேறு தலைப்பே கிடைக்காது போலிருக்கிறது. தொடங்கப்போகும் நேரத்தில் மச்சான் போன் செய்தான். பிரசவத் தேதிக்கு நாள் இருக்கும்போதே என் மனைவிக்கு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். எங்களுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை. வேனுக்கு ஓடினேன்.

"அண்ணே, நான் போறேண்ணே," என்றேன் இயக்குநரிடம்.

"மேலூர்ல இருந்து வேற ஆளு வந்துக்கிட்டு இருக்கான் மாப்ள. அவன் வந்ததும் ஓடிரு. போனைக் குடு, நான் பாத்துக்கிறேன்."

நேரலைக்கு முன்பு போன்களை வேனில் வாங்கி வைத்துவிடுவார்கள். மனதுக்குள் அவரை வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டே போய் நின்றேன்.

மேலூர்க்காரன் வந்தபாடில்லை. மேடையில் ஒருவர் மனைவியின் உப்புமாவைப் பற்றிப் பேச, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவரின் முகத்தை நெருக்கத்தில் பிடித்திருந்தேன். சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஹெட்போனில் இயக்குநரின் குரல்.

"மாப்ள, பொம்பளப் புள்ளடா! தாயும் புள்ளையும் நல்லா இருக்காகளாம். கேட்டுச்சா?"

கேட்டுச்சா என்றால் என்ன செய்வேன்? ஆட்டினேன். ஒரு தடவையோடு நிறுத்தவும் தெரியவில்லை. நடுவரின் முகம் ஊர் பூராவும் மேலும் கீழும் குதித்தது. இப்போது வசவு வரும் என்று காத்திருந்தேன். ஹெட்போனில் இயக்குநர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுத்த கேமராவுக்கு மாற்றினார்.

மேலூர்க்காரன் வந்து சேர்ந்ததும் பைக்கில் பறந்தேன். அறையில் என் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், துணிச் சுருளுக்குள், மகள். டிவியில் பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

"இம்புட்டு நேரமா தூங்க மாட்டேன்னுட்டா தம்பி," என்றார் மாமியார். "அவருக்குச் சொல்லியாச்சா, சொல்லியாச்சான்னு ஒரே அரிப்பு. ஒந்தம்பி பேசிட்டான்டின்னா நம்பல, டிவியப் போடச் சொன்னா. அந்தப் பெரிய மனுசன் மூஞ்சி கெடந்து ஆடவும், 'கேமராவ ஆட்டிட்டாரு, அவருக்குத் தெரிஞ்சிருச்சும்மா'ன்னு சொல்லிட்டு அப்பத்தான் கண்ணை மூடுனா."

மகளைத் தூக்கச் சொல்லி மாமியார் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆனால் என் கண் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியை விட்டு நகரவே இல்லை.