கரண்ட் ஜீப்பின் இடது பின் ஆசனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பினால் என் தொழில் ஓடாது. வாகனம் வாங்கப்போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், நான் வாகனத்தை ஓடிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, எடுக்கலாமா விடலாமா என்று சொல்வேன், அதுதான் என் பிழைப்பு. பேய் பிடித்த வாகனங்கள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. கோப்பாய்ப் பக்கம் ஒருவருடைய வான் தானாக ஹோர்ன் அடிக்கிறது என்று வேப்பிலை எல்லாம் கட்டிவைத்திருந்தார்கள், திறந்து பார்த்தால் எலி வயரைத் தின்றிருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ராசன் அண்ணை மயிலிட்டியில் சம்மாட்டி. நாலைந்து வள்ளங்களும் அவற்றில் தொழில் செய்ய ஆட்களும் வைத்திருக்கிறவர். அறுபதைத் தாண்டிய மனிதர், வாய் கொஞ்சம் முரடு, மனம் நல்ல மனம். அவருக்குத் திடீரென்று கரண்ட் ஜீப் வாங்கும் ஆசை வந்துவிட்டது. பெற்றோல் இல்லாமல் பற்றரியில் ஓடுகிற, மணல் சேறு பள்ளம் எதிலும் போகும் என்று விற்கிறவர்கள் சொல்கிற, பெரிய வாகனம். எங்கள் குறுகிய ஒழுங்கைகளுக்குள் அதைத் திருப்பவே முடியாது, மாட்டைக் கோழிக்கூட்டுக்குள் விடுகிற வேலை இது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற ஆளா. யாழ்ப்பாணத்தில் விற்கிற இடத்தில் ஒரு நாள் ஓடிப் பார்க்கத் தருகிறார்களாம், வா என்றார். எங்கே ஓடிப் பார்ப்பது என்று கேட்டேன். மணற்காடு என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

மணற்காட்டில்தான் அவருடைய மனைவி மலர் அக்கா இருந்தார். சண்டைக் காலத்தில் மயிலிட்டிச் சனம் முழுக்க ஊரை விட்டு ஓடியபோது இவர்களும் ஓடி, அங்கே இங்கே இருந்து, கடைசியில் மணற்காட்டுக் கடற்கரையில் மீன்பிடிக் குடிசையாக ஒரு வாடியைப் போட்டுக்கொண்டு தொழில் செய்தார்கள். மகன் ரூபன் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த மணலில்தான். மீசை அரும்பிய வயதில் ஒரு மத்தியானம் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. நேவி வள்ளங்களைச் சுட்ட காலம், அந்தக் காலத்துக் கடலைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, ஆமி பூட்டி வைத்திருந்த மயிலிட்டியைத் திறந்துவிட்டார்கள், ராசன் அண்ணை பழைய வளவில் போய் வீடு கட்டினார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. எங்கள் பக்கத்தில் புறப்படும்போது யாரும் ‘போறன்’ என்று சொல்லமாட்டோம், அபசகுனம். ‘வாறன்’ என்றுதான் சொல்வோம். கடைக்குப் போனாலும் வாறன், கனடாவுக்குப் போனாலும் வாறன். ரூபனும் அன்றைக்கு வாடி வாசலில் நின்று “அம்மா, வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். எல்லாரும் வாய்ப்பழக்கத்தில் சொல்கிற சொல்தான், அக்காதான் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். கூப்பிடப் போகிற எல்லாரிடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

“வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். அவன் வந்து பாக்கேக்கை நான் இஞ்சை இல்லாட்டி?”

புருசன் ஒரு கரையில், மனைவி ஒரு கரையில், இப்படியே வருடங்கள் போயின. அக்காவுக்கு மூட்டு வருத்தம் வேறு, மழைக் காலத்தில் அந்த மணலுக்குள் ஆட்டோவும் வராது, ஆஸ்பத்திரிக்குக் கதிரையில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கடைசிக் காலத்திலாவது மனுசியைத் தன்னோடு வைத்துக்கொள்ளவேண்டும், ராசன் அண்ணைக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஜீப் எல்லாம் சாட்டு. வாசல்வரைக்கும் வரும், குலுங்காது, நீர் ஏறும் என்று கூப்பிட ஒரு சாட்டு.

காலையில் புறப்பட்டு நெல்லியடி தாண்டிக் குடத்தனைப் பக்கத்தால் போனோம். குறை பிடிப்பதற்கென்றே நான் போனேன், ஒன்றும் அகப்படவில்லை. ரயருக்குக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மணல் மேட்டில் ஏற்றினேன், வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறியது. எனக்குப் பிடிக்காமல் போனது அதன் மௌனம்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வாகனத்தின் வருத்தத்தைச் சொல்லிப் பழகியவன் நான், நாடியே இல்லாத நோயாளியை வைத்தியரிடம் கொடுத்தது மாதிரி இருந்தது. மணல் ரயருக்குக் கீழே அரைபடுவது கேட்டது, சவுக்கங்காட்டுக் காற்றுக் கேட்டது, பக்கத்தில் இருந்த ராசன் அண்ணையின் மூச்சுக்கூடக் கேட்டது.

கடலோரம் போய் நிறுத்தியபோது உச்சி வெயில். கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை. நான் இறங்கிச் சில்லுகளைப் பார்த்தேன், ராசன் அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரூபன் வள்ளம் தள்ளிய இடம் அது என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகுதான் சொன்னார். திரும்ப ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் டிங் டிங் என்று ஒரு சத்தம். முன்னால் இருந்த திரையில் சிவப்பாக ஒரு சின்ன ஆள் படம். இடது பின் ஆசனத்தில் இருக்கிறவர் பெல்ற் போடவில்லை என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தேன். ஆசனத்தில் ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட இல்லை. இறங்கிப்போய்க் கையால் அமத்திப் பார்த்தேன், கீழே குனிந்து வயரை ஆட்டிப் பார்த்தேன், வாகனத்தை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். எது செய்தும் அடங்கவில்லை, வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடியது. சென்சர் பிழை, புதுச் சாமான் என்றால் இப்படித்தான் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, வெறும் ஆசனத்துக்கு பெல்றை மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். மாட்டினேன், நின்றது. ராசன் அண்ணை திரும்பியே பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார், சொன்னேன்.

வாடி வாசலில் நிறுத்தியதும் மலர் அக்கா வெளியே வந்தார். மெலிந்த உருவம், கையைச் சுவரில் ஊன்றித்தான் நடந்தார். வழக்கம்போல வரமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருப்பார். ராசன் அண்ணை பின் கதவைத் திறந்து காட்டினார், அக்காவின் கண் நேரே அந்த பெல்றில் போய் நின்றது.

“ஆருக்குத் தம்பி பெல்ற் போட்டிருக்கு?”

அது சென்சர் பிழை அக்கா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதற்கு முன்னால் ராசன் அண்ணை முந்திக்கொண்டார்.

“இஞ்சேரும், அவன் வந்திட்டான். வண்டியிலை ஏறிட்டான். நீரும் ஏறும்.”

அவர் உண்மையாகவே நம்பிச் சொன்னாரா, கிடைத்த சந்தர்ப்பத்தை விடக்கூடாதென்று சொன்னாரா, இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். அக்கா கையை நீட்டி அந்த பெல்றைத் தொட்டுப் பார்த்தார், முறுக்கு இருந்த இடத்தை நேராக்கிவிட்டார். உள்ளே போய் ஒரு சின்னப் பையோடு வந்து மற்றப் பக்கத்தால் ஏறி எனக்குப் பின்னால் இருந்தார். வாடியைப் பூட்டவேண்டாமா என்று கேட்டேன். இனி ஆருக்கு என்றார்.

நம்பினால் நம்புங்கள், நான் என் வாழ்க்கையில் ஓடிய ஓட்டங்களில் அதுதான் நீளமான ஓட்டம். அக்கா வழி முழுக்க மெல்லிய குரலில் பக்கத்து ஆசனத்தோடு கதைத்துக்கொண்டே வந்தார். இது நெல்லியடிச் சந்தை, இது அச்சுவேலி, இந்தப் பள்ளிக்கூடத்திலைதான் உன்ரை அப்பா படிச்சவர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் உள் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். முன்னால் ராசன் அண்ணை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது, பின் ஆசனத்தை நினைக்கப் பயமும் வந்தது, இரண்டும் ஒன்றாக வரும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மயிலிட்டியில் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ராசன் அண்ணை இறங்கிப் போய், விருந்தாளிக்குத் திறப்பதுபோல இடது பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சாய்ந்து பெல்றைக் கழற்றிவிட்டார்.

“இறங்கு ராசா, வீடு வந்திட்டுது.”

பிறகு அக்கா படியில் கால் வைத்து உள்ளே போனார். அடுப்படியைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், மீன் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். ராசன் அண்ணை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெரிய சந்தோசம். கெட்டுப்போன ஒரு சென்சரால் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பொழுது படுகிற நேரம், வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வாறன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

மயிலிட்டியைத் தாண்டவில்லை, டிங் டிங்.

அதே ஆசனம். அதே சிவப்பு ஆள்.

வாகனத்தில் நான் மட்டும்தான். கண்ணாடியை நான் கீழே இறக்கிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்ல இன்னும் நல்ல கதை கிடைத்திருக்கும், எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, இரண்டு பக்கமும் பற்றை பிடித்த வெறும் வளவுகள், நிறுத்தவும் பயம். கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“தம்பி, அம்மா அங்கை இறங்கிட்டா. நீயும் அங்கைதான் இறங்கியிருக்கவேணும்.”

யாரிடம் கதைக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சத்தம் நிற்கவில்லை. அச்சுவேலிக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட மெதுவாக்கினேன். அந்த இடத்தில் சத்தம் அறுந்தது. கதவு திறக்கவில்லை, திரையில் கதவு திறந்ததாகவும் காட்டவில்லை. ஆனால் வாகனத்தின் பின்பக்கம் ஒரு விரல் அளவு மேலே எழும்பியது. ஒருவர் இறங்கும்போது எழும்புமே, அந்த எழும்பல். வாகனத்துக்குள்ளேயே வாழ்கிற எனக்கு அது பிழைக்காது. மத்தியானம் நாங்கள் வந்த வழி அது. மணற்காட்டுக்குத் திரும்பிப் போகிற வழி.

நகரத்து வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ரூபன் மயிலிட்டியைக் கண்டதே இல்லை. அவன் பிறந்தபோதும் போனபோதும் அந்த ஊர் பூட்டிக் கிடந்தது. அக்கா ‘வீடு வந்திட்டுது’ என்றது அக்காவுடைய வீட்டை. அவனுடைய வீடு அந்த வாடிதான், அதைத்தான் நாங்கள் பூட்டாமல் விட்டுவிட்டு வந்தோம்.

விற்கிற இடத்தில் கணினியைக் கொளுவிப் பார்த்தார்கள். சென்சரில் பிழை இல்லை, பிழை வந்ததற்கான பதிவும் இல்லை, வெயில் தலைக்குள் அடித்திருக்கும் என்று பகிடி பண்ணினார்கள். நான் வாகனத்தில் குறை இல்லை என்றேன், ராசன் அண்ணை எடுத்தார். இன்றைக்கும் அவரிடம்தான் நிற்கிறது. பெல்ற் சத்தம் ஒருநாளும் வரவில்லையாம். மணற்காட்டுப் பக்கம் மட்டும் அவர் அதைக் கொண்டுபோவதில்லை, அக்கா கேட்பதுமில்லை.

போன கிழமை அந்த வழியால் போனபோது வீட்டுக்குப் போனேன். அக்காவின் உடம்பு தேறியிருக்கிறது, கை ஊன்றாமல் நடக்கிறார். தேத்தண்ணியைத் தந்துவிட்டு, ராசன் அண்ணை கிணற்றடிக்குப் போகும்வரை பார்த்திருந்து, எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

“தம்பி, இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அங்கை எண்டால் மத்தியானத்திலை வாடி வாசல்லை ஆரோ வந்து நிண்ட மாதிரி இருக்கும். நெடுகலும், ஒவ்வொரு நாளும் இருக்கும். இஞ்சை வந்ததிலையிருந்து ஒண்டும் இல்லை. கோவமோ தெரியேல்லை. அண்டைக்கு அவன் எங்களோடை வந்தவன்தானே? நீர்தானே வண்டி ஓடினீர்.”

எனக்குக் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அக்கா,” என்றேன். “வந்தவன்.”