பெரியப்பா இடுப்பில் எழுந்த அக்கி

காஜா பெராங்கில் பாக்கியலட்சுமி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அம்மைக்காரி வீடு என்று கேளுங்கள். "அவ உஜோங் பாசிர் பக்கம் போயி எத்தனையோ வருசமாச்சே" என்று உடனே பதில் வரும். வாய் அழுகிப்போகிற சனங்கள். அந்த அம்மைக்காரிதான் என் அம்மா.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவாள். யாரிடமும் குழையத் தெரியாது. கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். எனக்கும் அதே ரத்தம்தான், மறைப்பானேன்.

அப்பா லாரி கவிழ்ந்து செத்த பிறகு அவருடைய அண்ணன் கலியாணசுந்தரம் வீட்டில் ஒண்டினோம். பெரியப்பாவுக்கு ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடை. பெரியம்மா சாரதாம்பாள் உள்ளே பேசினால் தெருமுனையில் கேட்கும், அப்படி ஒரு தொண்டை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வெகுகாலம் கழித்துப் பெரியம்மாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அதே சமயம் பெரியப்பாவின் இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியது. பொன்னுதுரை என்று ஒருவர் வந்து, காவிக்கல்லை உரசி, கோழி இறகால் கொப்புளங்கள் மேல் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். "சூட்டுல வர்றது, தன்னால அமுங்கிரும்" என்றார். அம்மை போட்டால்தான் எங்கள் ஆட்கள் வேப்பிலை கட்டுவார்கள், வாசலை மறிப்பார்கள். அக்கி ஒட்டாதாம், அது சும்மா சூடாம். பெரியப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சினார். யாரும் தடுக்கவில்லை.

ஊரெல்லாம் கொடி ஏற்றிய வாரம் பிள்ளையின் உடம்பில் முத்து போட்டது. வாசலில் கொடிக்குப் பக்கத்தில் வேப்பிலை தொங்கியது. பிள்ளை தங்கவில்லை.

"ஆஸ்பத்திரித் துணியோட அம்மையையும் மூட்ட கட்டிக் கொண்டாந்து எம்புள்ள மேல போட்டுட்டாளே பாவி!" என்று பெரியம்மா தெருவைக் கூட்டினாள்.

"எங்க வார்டுல அம்மையே இல்லக்கா. இருந்தா என் மகளுக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்?" என்றாள் அம்மா.

நியாயம் யாருக்கு வேண்டும்? எங்கள் பெட்டி தெருவில் வந்து விழுந்தது. பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஆம்பளையாம்! கொளுத்துகிற வெயிலில் நான் தண்ணீர் கேட்டு அழுதேன். பெரியம்மா சொம்போடு வந்து, எங்கள் கண்ணெதிரே தண்ணீரை வாசலில் கொட்டினாள். "அம்மைக்காரிக்கு இந்த வீட்ல சொட்டுத் தண்ணி கெடையாது" என்றாள்.

அன்றோடு அம்மாவின் பெயர் போயிற்று. வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள். உஜோங் பாசிரில் ஒரு பலகை வீட்டில் இருந்துகொண்டு என்னைப் படிக்கவைத்தாள். "நீ செய்யலன்னு அவ வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்பாள். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

நான் படித்து, கோலாலம்பூரில் வைரஸ்களை ஆராய்கிற கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் எனக்கு உண்மை தெரிந்தது. சின்ன வயதில் இந்தச் சின்னம்மை போட்டவர் உடம்பை விட்டு அந்த வைரஸ் போவதே இல்லை. நரம்புக்குள் நுழைந்து படுத்துக்கொள்கிறது. அதன் டி.என்.ஏ. பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். உடம்பு தளரும்போது வைரஸின் புரதம் ஒன்று அந்த டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் ஜீன்களை விளக்கு சுவிட்ச் போல ஒவ்வொன்றாகத் தட்டிவிடும். அவை புது வைரஸ்களைச் செய்யும். அந்த வைரஸ்கள் நரம்பு வழியே தோலுக்கு வந்து கொப்புளமாகும். அதற்குப் பெயர்தான் அக்கி. அந்த நீர் பட்டால் பச்சைப்பிள்ளைக்கு அம்மை வரும். அம்மையும் அக்கியும் ஒரே சனியன்! பெரியப்பா பையனாக இருந்தபோது போட்ட அம்மை, அவர் இடுப்பிலிருந்தே எழுந்து வந்து அவர் பிள்ளையைத் தின்றிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு காஜா பெராங் போனேன். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா இறங்க மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளே போய்ப் பெரியம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"இத சொல்லத்தான் அவ்ளோ தூரத்துலேருந்து வந்தியாக்கும்? பெரிய படிப்பு லா!" என்றாள். "அவரு இடுப்புல இருந்ததும் எம்புள்ள நெஞ்சுல இருந்ததும் ஒரே கொப்புளம்டி. குளிப்பாட்டுனவ நான், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எங்கம்மாவ வெரட்டுனீங்க?"

"பின்ன? புருசனயா வெரட்ட முடியும்?"

அந்தத் தொண்டை கொஞ்சமும் மாறவில்லை. கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள். பெரியம்மாவை அக்கா என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைக்காதவள், பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாரதா, தண்ணி கொண்டா."

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கடைசிச் சொட்டு வரை கீழே கொட்டிவிட்டுச் சொம்பைப் படியில் வைத்தாள்.

"விஜயா, வண்டிய எடு" என்றாள்.