நிற்கிற பாட்டு

ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றும்போது பெல்வினின் தலை தானாக ஆடும். காதில் எதுவும் மாட்டியிருக்கமாட்டான், பக்கத்தில் பாட்டும் ஓடாது. ஆனாலும் ஆடும். அப்படி ஆடிக்கொண்டிருந்த தலைக்குத்தான் ஜெனரேட்டர் ஓட்டும் ரஞ்சித்குமார் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது.

"உன் கை பட்டா கல்யாணத்துல பாட்டு நின்னு பூடுதாம்டா. ராசியில்லாத கையாம். ரெண்டு வூட்டுக்காரங்க வேற செட்டுக்குச் சொல்லிட்டாங்களாம்."

"நின்னு போவலண்ணா. நான்தான் நிறுத்தறேன்."

"அத பஸ்ஸுல போறவன்கிட்ட எப்டிடா சொல்றது?"

பெல்வினுக்கு இருபது வயது. தாய்மாமன் அமலநாதனின் சவுண்ட் சர்வீஸில் பாட்டுப் போடுவது அவன் வேலை. சினிமாப் பாட்டுகளை மாமாவுக்காகப் போடுவான். தனக்காக லேப்டாப்பில் அவனே கட்டிய பாட்டுகள் உண்டு. அவற்றில் வார்த்தை கிடையாது. அடியில் ஒரு தாளம் மெதுவாகப் புறப்படும். அதன்மேல் இன்னொன்று ஏறும், அதற்கும் மேல் ஒன்று. வேகம் கூடி, கூட்டம் குதிக்கக் காலைத் தூக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வலது உள்ளங்கையை உயர்த்திப் பிடிப்பான். அந்தக் கையை அவன் இறக்கும்போது மொத்தச் சத்தமும் வந்து நெஞ்சில் இடிக்கும். பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடம் தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மலையடிவாரத்துக் கல்யாணங்களில் அத்தனை பேரும் ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ரஞ்சித்குமாரே இரண்டு முறை டீசல் கேனோடு ஓடியிருக்கிறான்.

"ஜெனரேட்டர் சத்தம் கேக்குதில்லண்ணா? அப்பறம் எப்டி கரண்ட் போவும்?" என்று பெல்வின் கேட்டதற்கு, "பழக்கதோசம்டா" என்றான்.

நிறுத்துவதைப் பெல்வின் கற்றது எந்த வீடியோவிலும் அல்ல. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையோடு மாதா கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். வெள்ளி முழுக்க மரக்கட்டையைத் தட்டித்தான் அழைப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி பாஸ்கா பூசையில் வானவர் கீதம் எடுக்கும் நொடியில் எல்லா மணிகளும் ஒன்றாக அலறும். சின்ன வயதில் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் அந்தச் சத்தத்தில் எழுந்து சிரித்தானாம். பிறகு கோயிலில் கீபோர்டு வாசிக்க விட்டார்கள். ஒவ்வொரு அல்லேலூயாவுக்கு முன்னாலும் அவன் கையை எடுத்துவிட, சனங்கள் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க, பங்குச்சாமி இன்னொரு பையனை உட்கார வைத்தார்.

ஊரை ஆட வைப்பவன் ஆடமாட்டான். "எல்லாரும் ஆடறாங்க, நீ மட்டும் கணக்குப் பரீட்சை எழுதறவனாட்டம் நிக்கற" என்பாள் அம்மா பிலோமினாள். மைக்கில் அவன் சொல்வது ஒரே வார்த்தைதான். ஊசி போடவரும் நர்ஸைப் போலத் தணிந்த குரலில் "ரெடியா?" என்பான். பதில் வராவிட்டால் சங்கடப்பட்டு மைக்கைத் துடைப்பான்.

சேதி மாமாவுக்கும் எட்டியது. ஜவ்வாது மலையில் ரங்கன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாக்ஸுகளை வண்டியில் ஏற்றும்போது அமலநாதன் கிட்டே வந்து நின்றார்.

"இன்னிக்குப் பாட்டு நிக்கக் கூடாது. நடுவுல போன் போடுவேன், எடுத்துக் காட்டு. பாட்டு ஓடற சத்தம் எனக்குக் கேக்கணும். கேக்கலன்னா அந்த லேப்டாப்ப மூடி வெச்சிட்டு வாணியம்பாடி ஷூ கம்பெனிக்குப் போ. ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கேன்."

"சரி மாமா" என்றான் பெல்வின். மலை ஏறும் வரை அவன் தலை ஆடவே இல்லை.

பிற்பகலில் பந்தல் நிறைந்தது. சினிமாப் பாட்டு ஒன்று முடிய, இடைவெளியே தெரியாமல் அடுத்ததை ஒட்டினான். கூட்டம் ஆடியது. ஆனாலும் இளவட்டங்கள் அடிக்கடி அவன் கையையே பார்த்தார்கள். கடைசியில் மணப்பெண் கல்பனாவின் அத்தை செல்லியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாப்பா, நிக்கவே மாட்டேங்குது? ரிப்பேர் பண்ணிட்டியா?"

"எதும்மா?"

"நிக்கற பாட்டு. அதப் பாக்கத்தான் மூணு ஊரு ஜனம் வந்துக்கீது. பொண்ணும் அதான் கேக்குது."

"நின்னா அபசகுனம்னு சொல்றாங்களேம்மா."

"கீழ இருக்கறவங்க சொல்வாங்க. எங்க பஸ்ஸு தெனம் பாதி ஏத்தத்துல நிக்குது. அதுக்காவ எறங்கி வூட்டுக்கா பூட்டோம்? குந்திக்கினு இருந்தா கெளம்புது. நீ நிறுத்து, நாங்க இருக்கறோம்."

பெல்வின் ரஞ்சித்குமாரைப் பார்த்தான். ரஞ்சித்குமார் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஜெனரேட்டருக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"ரெடியா?" என்றான் பெல்வின் மைக்கில். முதல் முறையாகப் பந்தல் முழுக்கப் பதில் வந்தது.

அடித்தாளம் புறப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. மணப்பெண் மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேகம் கூடி, கூடி, கால்கள் எழும்பும் நேரத்தில் பெல்வின் எல்லாவற்றையும் நிறுத்திக் கையை உயர்த்தினான்.

ஜெனரேட்டர் மட்டும் உறுமியது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்போது மேஜையில் கிடந்த போன் அடித்தது. திரையில் மாமாவின் பெயர். எடுத்தால் அவருக்கு இந்த நிசப்தம்தான் கேட்கும்.

"இதுவும் பாட்டுல வர்றதா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பேசாத இரு" என்றாள் செல்லியம்மாள்.

வழக்கமாகக் கையை இறக்கும் இடம் வந்து, கடந்தும் போனது. அத்தனை கண்களும் அந்த உள்ளங்கையில்தான் இருந்தன. மணி அடித்து அதிர்ந்து, போன் மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பெல்வின் கையை இன்னும் சற்று மேலே தூக்கினான்.