பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

இன்று அலுவலகத்தில் எனக்குப் "பயந்தாங்கொள்ளி" என்று பெயர் வைத்தார்கள்.

மண்டூர், பழுகாமத்திலிருந்தெல்லாம் வருகிறவர்களின் எக்ஸ்ரே படங்கள் எங்கள் கிளினிக்கில் ஒரே ஒரு கணினிச் சேமிப்புப் பெட்டியில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. எஸ்.என்.எம்.பி. என்ற கண்காணிப்பு முறை வழியாக அந்தப் பெட்டியிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று ஓயாமல் கேட்பது என் வேலை.

சில நாட்களாக அதிலுள்ள ஒரு டிஸ்க் பதில் சொல்ல மெல்ல மெல்லத் தாமதிக்கிறது. இன்று நான் குறித்துவைத்த எல்லையையும் தாண்டிவிட்டது. ஆனால் எச்சரிக்கை வரவில்லை. நான் பிரசவ லீவில் இருந்தபோது யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஓம் புள்ள, நான்தான் நிப்பாட்டினன்" என்றார் மேலாளர். "சும்மா சும்மா ஒபிஸ் போன் அடிச்சிக்கிட்டு இரிந்திச்சி. பெட்டியில பச்சை லைட்தானே எரியுது? கைப்புள்ளைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரி இதையும் பாக்காத. டிஸ்க் மாத்துறத மறுகா பாப்பம்."

"பச்சை லைட் உயிரோட இரிக்கெண்டுதான் சொல்லும் சேர். களைச்சிப் போச்செண்டு சொல்லாது."

"சரியான பயந்தாங்கொள்ளி" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எச்சரிக்கையைத் திரும்பவும் போட்டேன். இம்முறை மேலாளருடைய போனுக்கும் போகும்படி.

பின்னேரம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "புள்ள, இத எப்பிடி நிப்பாட்டுற?"

"டிஸ்க மாத்தினா தானா நிக்கும் சேர்."

புது டிஸ்க் நாளைக்கு வருகிறது.

பயந்தாங்கொள்ளிதான். அப்படியே இருக்கப்போகிறேன். தூங்கும் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சுப் பார்க்கிறவர்கள் இங்கே வேறு யார் யார்?