படகு எழுத்தில் ஆறாம் வகுப்பு

மறைமலைநகரில் தனியறையில் ஆங்கிலப் பாடநூலுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். 'சிக்ஸ்த் கிரேடு' என்பதற்குப் பெரிய எழுத்து (கேப்பிடல்) வேண்டாமென்று திருத்தியபோது அப்பாவின் பெயிண்ட் வாசனை வந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் படகுகளுக்குப் பேர் எழுதுபவர் அப்பா. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆறாம் வகுப்பில் என் நோட்டு லேபிளில் பேரையும் வகுப்பையும் அப்படியே நீலப் பெயிண்டில் எழுதித் தந்தார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன்.

"இன்னாப்பா, படகுக்கு எழுதுற மாதிரி எழுதிக்கீற?"

"தூரத்துலேர்ந்து தெரியணும்ல கண்ணு."

அவர் எதிரிலேயே லேபிளைக் கிழித்தேன். அடுத்த வருடம் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள்களை வெறுமையாக ஒட்டியிருந்தார்.

"நீயே எழுதிக்கோம்மா" என்றார்.

திருத்தி முடித்துவிட்டேன். எழுத்துகள் சரியாக, சின்னதாக இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்க அப்பா இல்லை.