அடிக்கடி போன இடம்

குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர் சர்வர் அறைக்காரர். எதையும் திறந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் புருஷனின் கைக்கடிகாரத்தையே கழற்றிப்போட்டவள். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அவளுடைய வேலை கறுப்புத் திரையில், கட்டளை தட்டித் தட்டி. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக முழ நீளத்துக்குப் பாதையைத் தட்ட வேண்டும். கை வலித்துப்போய் ஆறு மாதத்துக்கு முன் ஒரு சின்னக் கருவியை நிறுவினாள். நாம் எங்கெங்கே போகிறோம் என்று அது எண்ணி வைத்துக்கொள்ளும். பெயரில் இரண்டெழுத்து தட்டினால் போதும், அடிக்கடி போகிற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். 'இதுக்கு எப்படித் தெரியுது?' என்று முதல் வாரம் முழுக்க நோண்டினாள். வேலை நடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் கருவிக்கு இன்று வேட்டு. சொந்தமாக நிறுவியதையெல்லாம் மாலைக்குள் நீக்க வேண்டும். வேண்டாத ஃபோல்டர்களை எழுதிக் கொடுத்தால் நான்கு மணிக்கு அழிக்கப்படும் என்று உத்தரவு. அவள் காலையிலேயே ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள்: கசிவு.

"ஏம்மா, மண்ணுக்குள்ள குழாய் எங்க ஒழுகுதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிப்பேன்னு மூணு வருஷம் மல்லுக்கட்டினியே, அதுவா? வேற நகல் இருக்கா?" என்றார் சர்வர் அறைக்காரர்.

"இல்ல சார். அது தேறாது. நான் விட்டே எட்டு மாசமாச்சு. அழிச்சிடுங்க."

மூன்றரை மணிக்குக் கருவியை நீக்கினாள். கறுப்புத் திரையை மூடித் திறந்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று ஒரு வரி முறைத்தது. மறுபடி திறந்தாள். மறுபடி அதே முறைப்பு. ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத் தினமும் அவர் பெயரைக் கூப்பிட்ட கதைதான்! கருவியை எழுப்பச் சொல்லி அவளே எழுதிய வரி, திரை திறக்கும்போதெல்லாம் ஓடும் தொடக்கக் கோப்பில் அப்படியே கிடந்தது. தலையில் தட்டிக்கொண்டு அதையும் அழித்தாள். நீக்கும் குறிப்பில் இன்னும் ஒரு வரி பாக்கி: நீங்கள் போன இடங்களின் பட்டியல் தனிக் கோப்பாக இருக்கும், விரும்பினால் அழிக்கலாம்.

வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். துருவி திறந்தாள்.

தினசரி அறிக்கை: நூற்று முப்பது தடவை. அதற்கும் மேலே, முதல் வரியில், கசிவு: இருநூற்று ஆறு.

கருவிக்குக் கணக்குத் தெரியவில்லை என்று முதலில் அதைத்தான் திட்டினாள். அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு வந்ததும் ஒரு தடவை, அறிக்கை அனுப்பிய கையோடு ஒரு தடவை. சும்மா பார்க்கத்தானே! போன வாரம்கூட அதிலிருந்த ஒரு குழாய்ச் சத்தப் பதிவைக் கேட்டு, இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாகச் சீறுவது என்ன என்று மூளையைக் கசக்கினாள். விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவள், தினமும் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் மணியைப் பார்த்தாள்: நான்காக மூன்று நிமிடம்.

மாடிப்படியில் தடதடவென்று ஓடினாள்.

"சார், நிறுத்துங்க! கசிவு வேணும்!"

"காலையில தேறாதுன்னு சொன்னே?"

"தேறுமான்னு இப்பவும் தெரியல சார். ஆனா என்னால விட முடியல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பட்டியலிலிருந்த அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டெழுத்தில் கொண்டுபோய் விட இனி ஆளில்லை. முழ நீளப் பாதையை ஒரு எழுத்து பிசகாமல் தட்டினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, போன வாரம் கேட்ட பதிவை முதலிலிருந்து போட்டாள்.